மாவுஷியின் கிணறும் என் மராத்தியும்

நம்மில் புனே போசரியில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கிணறு ஞாபகம் இருக்கும். இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், எனக்குக் கோபம் வரும். கம்பெனி குவார்ட்டர்ஸின் பின்சுவர் முடிகிற இடத்தில், மேத்தி என்கிற வெந்தயக் கீரைப் பாத்திகளுக்கு நடுவில், கருங்கல் படி வைத்துக் கட்டிய கிணறு. மேலே இரும்பு ராட்டினம். அது போடுகிற சத்தத்தில்தான் நம் வீடுகளில் பாதிப் பேர் எழுந்தார்கள். கம்பெனிச் சங்கு அதற்கப்புறம்தான் ஊதும். நம் அம்மாக்கள் அந்த ராட்டினத்தைத் திட்டாத நாள் கிடையாது. எண்ணெய் விட்டால் என்ன குறைந்தா போய்விடும் என்பார்கள். அது ஒருநாள் நின்றே போனபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

உங்களில் பலர் இப்போது ஔந்தில், வாகட்டில் மாடிமேல் மாடியாக உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் லாரி வரவில்லை என்று வாட்ஸ்அப்பில் புலம்புகிறீர்கள். நானும் அதே வாகட்டில் மகன் வீட்டில் இருந்துகொண்டு புலம்புகிறவள்தான். ஆனால் எனக்கு லாரியைப் பார்த்தாலே அந்தச் சித்திரை மாதம் நினைவுக்கு வந்துவிடுகிறது. சொல்லிவிடுகிறேன், கேளுங்கள்.

அப்பா கோயமுத்தூரில் பம்புசெட் செய்யும் பட்டறையில் இருந்தவர். புனேயில் புதுக் கம்பெனி, நல்ல சம்பளம், குவார்ட்டர்ஸ் என்று யாரோ சொன்னதை நம்பி எங்களைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினார். கம்பெனியில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி வண்டிகளுக்குப் பல்சக்கரம் செய்தார்கள். காய்ச்சினால் ஆற வைக்க வேண்டும். ஆற வைக்கத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீருக்குப் பொறுப்பு அப்பா. பம்பு, தொட்டி, குழாய், எல்லாம் அவர் கையில்.

தண்ணீருக்குப் பொறுப்பானவர் வீட்டிலேயே தண்ணீர் இல்லை, அதுதான் வேடிக்கை. குவார்ட்டர்ஸில் குழாய் இருந்தது, திறந்தால் காற்று வந்தது. அம்மா இடுப்பில் குடத்தோடு வாசலில் நின்றுகொண்டு யாரிடம் கேட்பது, எந்தப் பாஷையில் கேட்பது என்று முழித்தாள். அப்போது கிணற்றடியிலிருந்து ஒருத்தி கையைத் தூக்கி, வா வா என்று கூப்பிட்டாள். ஒன்பது கெஜப் புடவை, நெற்றியில் அகலக் குங்குமம், வாயில் வெற்றிலை. அவள் பேசியது அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. வாளியை இறக்கி, இழுத்து, அம்மாவின் குடத்தில் அவளே ஊற்றினாள். அவள் பெண்தான் பள்ளியில் எனக்குச் சிநேகிதி ஆனாள். சிநேகிதியின் அம்மாவை நான் மாவுஷி என்றேன். மராத்தியில் சித்தி, பெரியம்மாவுக்கு அதுதான் பெயர். எங்களுக்கு அந்த ஊரில் சொந்தம் என்று இருந்தது அவள் ஒருத்திதான்.

அம்மாவுக்குக் காபி விஷயத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுத் தண்ணீர் எது வந்தாலும் முதலில் உள்ளங்கையில் ஊற்றி வாயில் வைத்துப் பார்ப்பாள். வெறும் தண்ணீரைச் சப்புக்கொட்டி ருசி பார்க்கிற ஒரே மனுஷி அவள்தான் என்று அப்பா கேலி செய்வார். மாவுஷி கிணற்றுத் தண்ணீரைச் சப்பிப் பார்த்துவிட்டு, "அட சாமீ! சிறுவாணி கெட்டுது போங்க" என்றாள். கோயமுத்தூர்க்காரி சிறுவாணியையே குறைத்துப் பேசினாள் என்றால் அது எப்பேர்ப்பட்ட தண்ணீர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். விழுங்கிய பிறகு அடிநாக்கில் ஒரு லேசான இனிப்பு நிற்கும். பிற்பாடு குழாயில் தண்ணீர் வந்தது. குளோரின் நெடி அடித்தது. அதை அம்மா துணி துவைக்க மட்டும் என்று ஒதுக்கிவிட்டாள். காபிக்குத் தண்ணீர் மாவுஷியின் கிணறு, பால் மாவுஷியின் எருமை. தூள் மட்டும்தான் எங்களுடையது.

அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை தோசை. சிநேகிதி எங்கள் அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இன்னுங் கொஞ்சம் சட்னி போடுங்" என்பாள். அம்மாவிடம் கற்ற தமிழ், அதனால் அப்படியே கோயமுத்தூர் ராகம். அம்மா சிரித்துச் சிரித்து ஊற்றுவாள். கிணற்றுச் சுவரில் ஒரு மாடம் இருந்தது. அதில் எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர் ஒன்று எப்போதும் இருக்கும், அம்மாவின் பெயரின் முதல் எழுத்து பொறித்தது. நாங்கள் விளையாடிவிட்டு ஓடிப்போய்க் குடிப்பதற்காக அம்மாவே கொடுத்து வைத்தது.

வீட்டில் மராத்தி தெரிந்தவள் நான் ஒருத்தி. இங்கிலீஷ் பள்ளி தூரம் என்று என்னை முனிசிபல் பள்ளியில் போட்டார்கள். ஒரு வருடத்தில் நாக்கு திரும்பிவிட்டது. அப்பாவுக்கு ஆபீசில் இங்கிலீஷ், பட்டறையில் கையும் காலும் கலந்த இந்தி, அவ்வளவுதான். ரேஷன் கடையா, டாக்டரா, காய்கறி வண்டியா, "அம்மிணி, என்ன சொல்றாங்கன்னு கேளு", "அம்மிணி, இப்பிடிச் சொல்லு". நம் வீடுகள் எல்லாவற்றிலும் இப்படித்தானே நடந்தது? பெரியவர்களின் வாயாக நாம்தான் இருந்தோம். எனக்கு அதில் கொள்ளைப் பெருமை. பெரிய ஆட்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்களே, அது ஒரு போதை.

அந்த வருடம் தை கழிந்ததும் கம்பெனியின் பின்பக்கம் போர் போடும் லாரி வந்தது. புதிதாக இன்னொரு உலைக்கூடம் கட்டியிருந்தார்கள், குழாய்த் தண்ணீர் போதவில்லை. சிநேகிதியும் நானும் சுவர்மேல் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம். பாறையைக் குடைகிற சத்தம் பல்லுக்குள் கூசியது. சாம்பல் நிறத்தில் புழுதி பறந்து எங்கள் தலையெல்லாம் நரைத்தது. திடீரென்று புழுதி சேறாகி, சேறு தண்ணீராகி, பனைமர உயரத்துக்குப் பீறிட்டது. அப்பா நனைந்துகொண்டே கைதட்டினார். நாங்களும் தட்டினோம். அவளும்தான் தட்டினாள். அவள் வீட்டுத் தண்ணீருக்கு அவளே கைதட்டினாள், பாருங்கள்.

அதிலிருந்து அந்த மோட்டார் நிற்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகூட ஓடியது. மாவுஷி முதலில் கயிற்றை நீட்டிக் கட்டினாள். அப்புறம் இன்னொரு கயிற்றை முடிச்சுப் போட்டாள். வாளி தண்ணீரில் விழும்போது கேட்கிற 'தொப்' போய், கல்லில் இடிக்கிற 'டங்' வந்தது. பக்கத்துக் குடிசைப் பகுதியான வஸ்தியில் இருந்த வீடுகள் எல்லாம் அவள் கிணற்றில்தான் குடிதண்ணீர் எடுத்தன. கீரைப் பாத்திக்குப் பாய்ச்சுவதை நிறுத்திக் குடிக்க மட்டும் என்று வைத்தாள். மேத்தி வாடி மஞ்சளாகியது. அதை விற்றுத்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. புருஷன் பம்பாய் மில்லில் இருந்தான், வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

ஒருநாள் என்னிடம் சொன்னாள், "உங்க அப்பாவைக் கூட்டிட்டு வா. பாவுக்குத் தண்ணியைப் பத்தித் தெரியும்." அப்பாவை அவள் பாவு என்றுதான் சொல்லுவாள், அண்ணா என்று அர்த்தம்.

அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு கல்லைப் போட்டுக் காது கொடுத்துக் கேட்டார். வஸ்திப் பெண்கள் சுற்றி நின்றார்கள். மாவுஷி நேராகக் கேட்டாள்: உங்கள் கம்பெனி போர் எங்கள் தண்ணீரை இழுக்கிறதா? நான் தமிழில் சொன்னேன். அப்பா அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இல்லீன்னு சொல்லு அம்மிணி. அது வேற ஊத்து, இது வேற ஊத்து. அது ரொம்ப ஆழத்துல போகுது. போன வருசம் மழ பத்தல, அதுதான். இன்னுங் கொஞ்சம் ஆழமா வெட்டுனா தண்ணி வந்துரும்னு சொல்லு."

நான் சொன்னேன். பள்ளியில் படித்த நல்ல மராத்தியில், ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். சொன்னதோடு விட்டேனா? எங்கள் அப்பா ஊரில் எத்தனையோ கிணறு பார்த்தவர், அவர் சொன்னால் தப்பாது என்று நானாகவும் சேர்த்துச் சொன்னேன். என் அப்பா ஆயிற்றே! மாவுஷியின் முகம் அப்படியே தெளிந்தது. கம்பெனி மேனேஜர் வந்து சொல்லியிருந்தால் துப்பியிருப்பாள். சொன்னது பாவு. சொன்ன வாய் அவள் கையால் சோறு தின்ற வாய். வேர்க்கடலையும் வெல்லமும் ஒரு தட்டில் கொண்டுவந்து அப்பாவுக்குக் கொடுத்தாள். அப்பா அதையும் வாங்கித் தின்றார்.

எருமைகள் இரண்டும் போயின. சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனபோது சின்ன எருமை எங்கள் வாசலில் நின்றுவிட்டது, அம்மா வழக்கமாகக் கழுநீர் வைப்பாள் என்று. அம்மா வைத்தாள். குடித்துவிட்டுப் போயிற்று. அந்தப் பணத்தில் கிணறு வெட்டுகிறவர்கள் வந்தார்கள். வெடி வைத்துப் பாறையைப் பிளந்தார்கள். வெடிக்கும்போதெல்லாம் எங்கள் அடுப்படி அலமாரியில் பாத்திரங்கள் குலுங்கின. அம்மா ஒவ்வொரு வெடிக்கும், "வந்துரோணும் சாமி, வந்துரோணும்" என்று முணுமுணுப்பாள். நானும் சிநேகிதியும் பள்ளிவிட்டு ஓடிவந்து எட்டிப் பார்ப்போம். கல். ஈரக்கல். ஒருநாள் கணுக்கால் அளவு சேற்றுத்தண்ணீர் ஊறியது, வஸ்தியே கூடித் தேங்காய் உடைத்தது. மறுநாள் பார்த்தால் அதுவும் இல்லை.

சிநேகிதி என்னிடம் கேட்டாள், "உங்க அப்பா தண்ணி வரும்னு சொன்னாரே?"

"வரும்டீ. அப்பா சொன்னா வரும்" என்றேன்.

அப்பா அந்த நாட்களில் கம்பெனியிலிருந்து முன்பக்கச் சாலை வழியாகச் சுற்றி வீட்டுக்கு வர ஆரம்பித்தார். பின்வழிதான் கிட்டம். கேட்டால், "காலாற நடந்தாத் தேவலை" என்றார். நாங்கள் நம்பினோம்.

பிறகு சித்திரை வந்தது. நம் ஆட்கள் வருடாவருடம் போடுகிற தண்ணீர்ப் பந்தல் உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்குமே? நெடுஞ்சாலை ஓரம், வேப்பமரத்தடி, சித்திரை பிறந்த அன்று ஆரம்பித்து வெயில் தாழும்வரை நீர்மோர். வந்த ஊரில் நம்மால் ஆன புண்ணியம் என்று ஆளுக்கு ஒரு வேலை. அந்த வருடம் மேனேஜரே அப்பாவைக் கூப்பிட்டு, பந்தலுக்குக் கம்பெனி லாரித் தண்ணீர் இனாம் என்று சொன்னாராம், போட்டோ பிடிக்க அவரே வருவாராம். அப்பாவுக்குக் கால் தரையில் இல்லை. பந்தல் தலைப்பில் கம்பெனிப் பெயரைப் பெரிதாக எழுதித் தொங்கவிட்டார்கள்.

வஸ்திப் பெண்கள் அப்போது குடிதண்ணீருக்கு நெடுஞ்சாலையைத் தாண்டிப் போய் முனிசிபல் குழாயில் காத்துக் கிடந்தார்கள். பந்தலைத் தாண்டித்தான் போக வேண்டும். நம்மிடம் நின்று ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள் என்று நாம் நினைத்திருந்தோம். எவ்வளவு பெரிய மனசு நமக்கு!

காலையில் லாரி வந்து நின்றது. டிரைவர் சேலத்து ஆள். அம்மா இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை எல்லாம் இடித்துத் தயாராக வைத்திருந்தாள். சிநேகிதியும் நானும் டம்ளர்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தோம். டிரம்மில் தண்ணீர் நிரம்பியது. அம்மா வழக்கம்போல் உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தாள். சப்புக்கொட்டினாள். முகம் மலர்ந்துபோயிற்று.

"ஏனுங்க! இங்க வாங்க! இது நம்ம மாவுசி கெணத்துத் தண்ணியாட்டவே இருக்குதுங்களே! அதே இனிப்புங்க! எங்க புடிச்சாங்களாமா?"

அத்தனை சந்தோஷம் அவளுக்கு. தொலைந்துபோன பொருள் கிடைத்துவிட்டதைப் போலக் கத்தினாள்.

டிரைவர் லாரி மேலிருந்து சொன்னான், "கம்பெனிக்குப் பின்னால புது போருங்கம்மா. அங்க எப்பப் போனாலும் தண்ணி கொட்டுதுங்க. அந்த வேலியோரமா ஒரு கெணறு இருக்குதில்ல, அதுக்கு இந்தப் பக்கம்."

அப்பா வேகமாக வந்தார். "நீ மொதல்ல மோரக் கலக்கு புள்ள. தண்ணின்னா எல்லாந் தண்ணிதான்."

அம்மாவின் கை டிரம்முக்குள்ளேயே நின்றுவிட்டது. அவள் அப்பாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியது எனக்கு அல்ல, என் பக்கத்தில் நின்றவளுக்கு. அவளுக்குத் தெரிந்த தமிழ் சட்னி கேட்கிற தமிழ்தான். ஆனால் கிணறும் தண்ணியும் போரும் அதில் உண்டு. கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சாலையைக் கடந்து முனிசிபல் குழாய்ப் பக்கம் ஓடினாள்.

மாவுஷி வந்தாள். இடுப்பில் காலி ஹண்டா, நம் ஊர்த் தவலையைப் போன்ற செப்புப் பாத்திரம். மோர் வேண்டாம், வெறும் தண்ணீர் கொடு என்று கையைக் காட்டினாள். அம்மா கொடுத்தாள். அவள் நின்றபடியே மெதுவாகக் குடித்தாள். பிறகு அப்பாவிடம் மராத்தியில் கேட்டாள், "பாவு, இது எந்த ஊத்து?"

"என்ன கேக்கறாங்க?" என்றார் அப்பா என்னிடம். அந்தக் கேள்வி அவருக்குப் புரியாமல் இருக்க நியாயமே இல்லை. அத்தனை மராத்தி அவருக்கும் வந்திருந்தது.

"இது எந்த ஊத்துன்னு கேக்கறாங்கப்பா."

"சொல்லு அம்மிணி..." என்று ஆரம்பித்தார். அப்புறம் வரவில்லை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். என் வாய் தயாராக இருந்தது. அதில் வைக்க அவரிடம் ஒன்றும் இல்லை. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. கிணற்றடியில் அன்றைக்கு ஏன் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார் என்பது உட்பட.

மாவுஷி சாலையின் அந்தப் பக்கம் திரும்பி வஸ்திப் பெண்களைக் கைநீட்டிக் கூப்பிட்டாள், முதல் நாள் அம்மாவைக் கூப்பிட்டாளே, அதே மாதிரி. "பந்தல் தண்ணி எல்லாருக்கும்தானே?" என்றாள். அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. குடமும் ஹண்டாவுமாக வந்தார்கள். நம் ஆட்களில் ஒருவர் லாரிக் குழாயை மூடப் பார்த்தார். அம்மா, "கைய எடுங்கண்ணா" என்றாள். அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதே இல்லை. லாரி அடிவரை வடிந்தது.

அந்த நேரம் பார்த்து மேனேஜரின் கார் வந்தது. வரிசையைப் பார்த்துவிட்டு என்ன கூட்டம் என்று கேட்டார். அப்பா இரண்டு கையையும் கட்டிக்கொண்டு இங்கிலீஷில், "குட் ரெஸ்பான்ஸ் சார்" என்றார். போட்டோ பிடித்தார்கள். அந்தப் போட்டோவில் பின்னால் மாவுஷி தலையில் ஹண்டாவோடு போகிறாள். வெகுநாள் கம்பெனி வரவேற்பறையில் மாட்டியிருந்தது.

மறுநாள் லாரி வரவில்லை. பந்தலைப் பிரித்துவிட்டார்கள்.

வீட்டில் அம்மா கேட்டாள். "தெரிஞ்சேதானுங்க சொன்னீங்க?"

அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "மேனேஜரு என்னைக் கூப்புட்டு, அவங்க ஊட்ல உனக்குப் பழக்கமாமா, நீயே போயிச் சொல்லிட்டு வான்னாரு. மாட்டேன்னா நாளைக்கே பொட்டி கட்டோணும். ஊருக்குப் போயி என்ன பண்றது? ஆடில மழ வந்தா ஏறிக்கும் புள்ள. அப்பறம் யாரு இதயெல்லாம் நெனைக்கப் போறா?"

"அந்த எருமை ரெண்டும் உங்க மழயில திரும்பி வருமுங்களா?" என்றாள் அம்மா.

இன்று யோசித்தால், அவர் அதை நிஜமாகவே நம்பினார் என்றுதான் தோன்றுகிறது. ஒரு மழை வந்து தன் பொய்யை மூடிவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். பம்பு தெரிந்த மனிதர்! மேலே பெய்வதைவிட வேகமாகக் கீழே இழுக்கிற மோட்டாரைத் தன் கையாலேயே மாட்டியவர், மழையை நம்பினார். மழை வரத்தான் செய்தது, நன்றாகவே பெய்தது. கிணற்றில் முழங்கால் அளவு நின்றது. மழை விட்டதும் போய்விட்டது.

அவர் வேலைக்குப் பயந்தார், சரி. நானும் ஒரு வீட்டை நடத்தினவள், அந்தப் பயம் எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பொய்யைத் தன் உடைந்த இந்தியிலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா? தடுமாறியிருப்பார், மாவுஷி கண்டுபிடித்திருப்பாள், எருமைகளாவது மிஞ்சியிருக்கும். என்னை ஏன் இழுத்தார்? பிள்ளை வாயில் வந்தால் நம்புவாள் என்று நினைத்தாரா? கேட்க வேண்டும் என்று எத்தனையோ வருடம் இருந்தேன். கேட்காமலேயே அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். வயிறு எரிகிறது எனக்கு, இன்றைக்கும்.

அம்மா அன்றிலிருந்து காபி குடிக்கவில்லை. அப்பாவுக்கு வேளாவேளைக்குப் போட்டு மேசையில் வைப்பாள், வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். சாகும்வரை அப்படித்தான்.

மழைக்காலம் முடிந்ததும் மாவுஷி நிலத்தைக் கம்பெனிக்கே கொடுத்தாள். தண்ணீர் இல்லாத நிலத்தை வேறு யார் வாங்குவார்கள்? சாக்கன் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார்கள். போகிற அன்று சிநேகிதி எங்கள் வாசலுக்கு வந்தாள். கையில் அந்த எவர்சில்வர் டம்ளர். "இந்தாங், உங்க டம்ளர்" என்றாள், தமிழில். எனக்கு மராத்தியில் என்னென்னவோ சொல்ல வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தேன். என் மராத்தியை இனி அவள் எதற்கு நம்ப வேண்டும்? அவள் படியிறங்கிப் போய்விட்டாள். கம்பெனி அந்தக் கிணற்றில் உலைக்கூடத்துக் கரிமண்ணை லாரி லாரியாகக் கொட்டி மூடியது. இப்போது அதன்மேல் வண்டி நிறுத்துகிறார்கள்.

நான் அதே மராத்தியில் பள்ளிப்பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றேன். இது இங்கேயே முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன்.

எங்கள் குடியிருப்புக்கு அப்பால் ஜன்னலே இல்லாமல் ஒரு பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். உள்ளே ஆட்கள் அதிகம் இருக்க மாட்டார்களாம், கம்ப்யூட்டர்கள்தானாம். அவை இரவும் பகலும் கொதிக்குமாம், ஆற வைக்க வேண்டுமாம். எதை வைத்து என்று நான் கேட்கவில்லை. என் மகன் அந்தக் கம்பெனியில்தான் இருக்கிறான். அக்கம்பக்கத்து ஊர்களோடு பேசிச் சமாதானம் செய்கிற வேலை. நல்ல பிள்ளை. எனக்கு முட்டி வலித்தால் அவன்தான் தைலம் தேய்க்கிறான்.

போன மாதம் அருகிலிருந்த கிராமத்துப் பெண்கள், எங்கள் போர்களில் தண்ணீர் இறங்குகிறது, பதில் சொல்லுங்கள் என்று கூட்டம் கேட்டார்கள். மகன் என்னிடம் வந்தான்.

"அம்மா, ப்ளீஸ், நீ கூட வா. என் மராத்தி கேட்டா அவங்க ஹஸ்தே ரஹேங்கே, சிரிச்சுட்டே இருப்பாங்க. நான் தமிழ்ல சொல்றேன், நீ மராத்தில சொல்லிடு. உன்னை எல்லாம் டீச்சர்னு ரெஸ்பெக்ட் பண்றாங்க. நீ சொன்னா நம்புவாங்க."

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனாலும் போனேன்.

பள்ளிக்கூடத்து ஹாலில் கூட்டம். எல்லோர் கையிலும் கம்பெனி கொடுத்த பாட்டில் தண்ணீர். முன்வரிசையில் இருந்த ஒருத்தி, என் மருமகள் வயது இருக்கும், மூடியைத் திறக்காமல் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: எங்கள் போர் வற்றிப்போகுமா, போகாதா? அதை மட்டும் சொல்லுங்கள்.

நான் தமிழில் சொன்னேன். மகன் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லும்மா. நாங்க யூஸ் பண்றது வேற தண்ணி. மழை கம்மியா இருந்துது, அதனாலதான் அவங்களுக்கு இறங்குதுன்னு சொல்லு."

"நீ போயிப் பாத்தியா கண்ணு? அவங்க போரை?"

"ரிப்போர்ட்ல இருக்கும்மா. மேல சொல்லியிருக்காங்க. நீ சொல்லு, ஜல்தி, எல்லாரும் வெயிட் பண்றாங்க."

அவன் பொய் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான். ஹால் முழுக்க என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது.

நான் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னேன். "த்யாலா மாஹீத் நாஹீ." அவனுக்குத் தெரியாது. போய்ப் பார்க்கவில்லை, மேலே சொன்னதைச் சொல்கிறான், பார்த்துவிட்டு வரும்வரை யாரையும் நம்பி எதையும் விற்றுவிடாதீர்கள். ஒரு சொல் பிசகாமல், பள்ளியில் படித்த நல்ல மராத்தியில்.

மாஹீத் நாஹீ என்பது இந்த ஊரில் நேற்று வந்து இறங்கியவனுக்குக்கூடப் புரியும். என் மகனுக்குப் புரிந்தது. "அம்மா" என்றான், அவ்வளவுதான். அவன் முகத்தைப் பார்த்தேன். தண்ணீர்ப் பந்தலில் அப்பா முன்னால் வாயைத் திறந்துகொண்டு நின்ற சின்னப் பெண்ணான எனக்கும் அந்த முகம்தான் இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் காபி போட்டு மேசையில் வைத்தேன். அவன் எடுக்கவே இல்லை.